புழுவின் கழிவில் புண்ணுக்கு மருந்து

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டார்கள். "விஷயம் எதுவானாலும் சரி, வரலாறு படிக்கிறவனுக்கும் புரியவேண்டும்" என்பது ஒன்றே நிபந்தனை. "புழுக்களின் கழிவுப் பொருளைப் பற்றி எழுதுகிறேன்" என்றேன். கேட்ட நண்பர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இக்கட்டுரையை உணவு விடுதியில் உட்கார்ந்து படிக்கவேண்டாம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து படியுங்கள்.

எனக்கு இவ்விஷயத்தில் அக்கறை பிறந்தது பாடப் புத்தகத்தால் அன்று. என் பெரியப்பாவின் காலால். அவர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தச்சு வேலை செய்கிறவர். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. நீரிழிவு முற்றினால் காலின் உணர்ச்சி நரம்புகள் மரத்துப்போகும். இரத்த ஓட்டமும் குறையும். ஒரு நாள் வேலை செய்கிற இடத்தில் ஆணி ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. மாலையில் வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கழற்றியபோது இரத்தத்தைக் கண்டு பெரியம்மாதான் கூவினார். மஞ்சள் அரைத்துப் போட்டார்கள். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள். மூன்று வாரம் கழிந்தது. புண் ஆறவில்லை, பெருகியது. ஒரு நாள் கட்டை அவிழ்த்தால் உள்ளே புழு நெளிகிறது.

நம் ஊர்ப்பக்கத்தில் "புழுத்துச் சாவாய்" என்பது சாபம். புண்ணில் புழு வைத்தது என்றால் நோயாக யாரும் நினைப்பதில்லை. பாவத்தின் சம்பளமாகவே நினைப்பார்கள். பெரியம்மா அதை எவருக்கும் சொல்லாமல் இரண்டு நாள் மறைத்துவிட்டார். மூன்றாம் நாள் என் தந்தைக்குச் செய்தி எட்டி, பக்கத்து நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கோடை விடுமுறைக்கு நான் ஊரில் இருந்தேன். காலைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது.

டாக்டர் டர்ப்பன்டைன் எண்ணெயைச் சில சொட்டு விட்டார். மூச்சு முட்டிய புழுக்கள் மேலே வந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். நாற்பதுக்கு மேல் எண்ணினேன்; பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். உப்பு நீரால் புண்ணைக் கழுவியபின் அவர் என்னைக் கூப்பிட்டார். "இங்கே வா தம்பி, பார். விலங்கியல் படிக்கிறாய் என்கிறாரே உன் அப்பா!" பார்த்தேன். அழுகிய சதையாகக் கறுத்திருந்த இடத்தில் பாதி, கோவைப்பழத்தின் உட்புறம் போலச் சிவந்து, ஈரமாக, புதுசாக இருந்தது. "நான் கத்தி வைத்துச் செய்யவேண்டிய வேலையில் பாதியை இதுகள் முடித்துவிட்டன. அதற்காக இதுகளை உள்ளே விட்டுவைக்க முடியாது. எந்த ஈ போட்ட புழு என்று யார் கண்டது?" என்றார்.

பெரியப்பாவுக்கு இரண்டு விரல்கள் போயின, பாதம் தப்பியது. டாக்டர் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களும் என்னை விடவில்லை. புழு உண்மையாகவே வேலை செய்ததா? செய்தது என்றால் எதைக்கொண்டு செய்தது? வாயாலா, வேறு வழியாலா? புழுவை விட்டுவிட்டு அந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்ள இயலுமா? விடுமுறை முடிந்து டில்லிக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். என் கேள்விகளை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பலர் கேட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

போர்க்களத்து மருத்துவர்களுக்கு இது பழைய செய்தி. நெப்போலியன் படையின் தலைமை அறுவை மருத்துவர் லாரே, எகிப்து, சிரியாப் படையெடுப்பின்போது, புழு வைத்த காயங்கள் கெடவில்லை, மாறாக விரைந்து ஆறின என்று எழுதி வைத்திருக்கிறார். ஆனால் இதை ஒரு சிகிச்சையாக ஆக்கியவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் வில்லியம் பேயர். முதல் உலகப் போரில், 1917-ல், பிரான்ஸில் அவரிடம் இரண்டு சிப்பாய்களைக் கொண்டுவந்தார்கள். இருவருக்கும் தொடையெலும்பு முறிந்து வயிற்றிலும் காயம். ஏழு நாள் சோறு தண்ணீர் இன்றிப் போர்க்களத்தில் கிடந்தவர்கள். அந்நாளில் அப்படிப்பட்ட காயம் என்றால் பெரும்பாலும் மரணந்தான். இவர்களுக்கோ காய்ச்சல்கூட இல்லை! உடையை வெட்டியெடுத்துப் பார்த்தால் காயமெங்கும் ஆயிரக்கணக்கில் புழு. அருவருப்போடு அவற்றைக் கழுவித் தள்ளியபோது அடியில் அழகிய இளஞ்சிவப்புச் சதை வளர்ந்திருந்தது. அதே நிறத்தைத்தான் நான் பெரியப்பாவின் காலில் பார்த்தேன்.

பேயர் இதைப் பதினோரு ஆண்டு மனத்தில் வைத்திருந்தார். 1928-ல், எலும்பு அழற்சியால் வருந்திய நான்கு குழந்தைகளின் ஆறாத புண்களில் துணிந்து புழுக்களை விட்டார். ஆறு வாரத்தில் புண்கள் ஆறின. பிறகு வேறு சில நோயாளிகளுக்கு இசிவு நோய் கண்டது. புழுவோடு கிருமியும் உள்ளே போயிருக்கிறது! அன்றிலிருந்து ஈயின் முட்டைகளைக் கிருமிநாசினியில் கழுவி, கிருமியற்ற புட்டிகளில் புழு வளர்க்கும் முறை வந்தது. 1931-ல் பேயர் காலமானார். அவருடைய முழுக் கட்டுரை அவர் மறைந்த பிறகே வெளியாயிற்று. 1930-களில் அமெரிக்காவில் முந்நூறுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் புழுச் சிகிச்சை செய்தன. மருந்துக் கம்பெனி ஒன்று ஆயிரம் புழு ஐந்து டாலர் என்று விற்றது.

சிகிச்சை பலித்தது. ஆனால் நோயாளிகள் முகம் சுளித்தார்கள். புழு ஊர்கிற குறுகுறுப்பைச் சிலரால் தாங்க முடியவில்லை. செவிலியர்களும் அதை விரும்பவில்லை. ஆகவே, "புழு செய்வதைப் புழு இல்லாமல் செய்யலாகாதா?" என்ற கேள்வி எழுந்தது. லிவிங்ஸ்டன், பிரின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1932-லேயே புழுவிலிருந்து ஒரு சாற்றை எடுத்து, அதைப் 'புழுவின் செயற்பொருள்' என்று பெயரிட்டுப் புண்களில் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆனால் அந்தச் சாற்றில் இருந்தது எந்தப் பொருள்? அதற்கு விடை தேடியவர் மருத்துவரல்லர். அமெரிக்க வேளாண்மைத் துறையில் பூச்சி ஆராய்ச்சியாளராக இருந்த வில்லியம் ராபின்சன். ஈ வளர்க்கத் தெரிந்தவன் உழவுத் துறையில்தானே இருப்பான்!

புழு தன் உடலிலிருந்து வெளியே விடுகிற கழிவு நீரில் அலன்டாயின் என்ற பொருள் இருப்பதை ராபின்சன் கண்டார். பிறகு புழுவை ஒதுக்கிவிட்டு அலன்டாயினை மட்டும் நீரில் கரைத்து ஆறாத புண்களில் இட்டுப் பார்த்தார். புதுச்சதை வளரலாயிற்று. 1935-ல் எலும்பு அறுவை மருத்துவ ஏடு ஒன்றில் இதை வெளியிட்டார். மறு ஆண்டில் இன்னும் எளிய பொருளான யூரியாவுக்கும் அந்தக் குணம் உண்டு என்று எழுதினார். வயலில் போடுகிற உரமாக நாம் அறிந்த அதே யூரியாதான்.

அலன்டாயின் என்பது என்ன? வரலாற்று மாணவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவேண்டாம். இதிலும் வரலாறு இருக்கிறது. ஒவ்வோர் உயிரணுவிலும் நியூக்ளிக் அமிலம் இருக்கிறது. அது சிதையும்போது ப்யூரின் என்ற கழிவு மிஞ்சும். உடல் அதை யூரிக் அமிலமாக மாற்றுகிறது. பறவையும் பாம்பும் அந்த நிலையிலேயே வெளியே தள்ளிவிடும். பல்லி எச்சத்தில் வெள்ளையாகக் காண்பது அதுதான். பாலூட்டிகளில் பெரும்பாலானவை ஒரு படி மேலே போகும். யூரிக்கேஸ் என்னும் நொதியால் யூரிக் அமிலத்தை அலன்டாயினாக மாற்றிச் சிறுநீரில் விடும். மனிதனிடமும் மனிதக் குரங்குகளிடமும் அந்த நொதி வேலை செய்வதில்லை. அதற்குரிய ஜீன் பரிணாம வழியில் பழுதாகிவிட்டது. ஆகவேதான் நமக்கு யூரிக் அமிலம் மூட்டில் படிந்து கீல்வாதம் வருகிறது. தெரு நாய் எளிதாகச் செய்கிற வேலை, பட்டம் வாங்கிய நம் உடலுக்குத் தெரியாது. (நாய்களிலும் புள்ளி போட்ட டால்மேஷியன் சாதி இதில் நம்மோடு சேர்ந்துகொள்கிறது, அதன் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுதி.)

கன்றைச் சுற்றியுள்ள கருப்பைப் படலம் ஒன்றுக்கு அலன்டாய்ஸ் என்று பெயர். அதிலுள்ள நீரில் காணப்பட்டதால் இப்பொருள் அப்பெயர் பெற்றது. 1838-ல் வோலரும் லீபிக்கும் யூரிக் அமிலத்தை ஈயப் பெராக்சைடோடு வினைப்படுத்தி இதைச் சோதனைச் சாலையிலேயே செய்துகாட்டினார்கள். அக்காலத்தில் வேதியியலார் யூரிக் அமிலத்தைப் பாம்பின் எச்சத்திலிருந்துதான் எடுத்தார்கள்! ஐரோப்பாவில் நாட்டு மருத்துவர்கள் புண்ணுக்கும் எலும்பு முறிவுக்கும் கட்டி வந்த காம்ஃப்ரி என்ற செடியின் வேரிலும் இதே பொருள் உண்டு. 1912-ல் லிவர்பூல் மருத்துவர் மெக்காலிஸ்டர், அந்த வேரின் குணத்துக்கு அலன்டாயினே காரணம் என்று எழுதினார். செடியின் வேரும் ஈயின் புழுவும் ஒரே மருந்தை வைத்திருந்திருக்கின்றன. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மெய் சிலிர்த்தது.

புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசையில், முதுகலைத் திட்ட வேலையாக இதையே எடுத்துக்கொண்டேன். என் பேராசிரியர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு கட்டளை: ஈக்கூண்டு அவர் அறைப் பக்கம் வரக்கூடாது.

எங்களுக்குக் கிடைத்தது லூசிலியா கூப்ரினா. குப்பைத் தொட்டியருகே வெயிலில் பச்சையும் செம்புமாக மின்னுகிற ஈ. மேனாட்டார் பயன்படுத்தும் லூசிலியா செரிகேட்டாவுக்கு நெருங்கிய உறவு. மலேசியாவில் நோயாளிகளுக்கு இதன் புழுவையே விடுகிறார்கள். ஈக்கு ஆட்டு ஈரல் வேண்டும். நம்மவர் மீன் வாங்கப் போகும் ஐ. என். ஏ. மார்க்கெட்டுக்கு மெட்ரோவில் போய் வாரம் அரைக் கிலோ ஈரல் வாங்கி வந்தேன். திரும்பும்போது வண்டியில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். டிசம்பர்க் குளிரில் ஈக்கள் முட்டையிட மறுத்தன. பழைய மரப்பெட்டிக்குள் அறுபது வாட் விளக்கை மாட்டிச் சூடேற்றினோம். அதன் பிறகு வெள்ளை ரவையைக் கொட்டினாற்போல ஈரல்மேல் முட்டை. ஒரு நாளுக்குள் புழு. நான்கைந்து நாளில் அரிசி மணியைவிடப் பெரிதாகிவிடும்.

கழிவை எடுக்கும் முறை எளியது. நன்றாகக் கழுவிய இருநூறு புழுக்களைக் கிருமியற்ற நீர் ஒரு மில்லிலிட்டர் உள்ள குழாயில் போட்டு, இருட்டில் 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைக்கவேண்டும். புழுக்கள் நீரில் உமிழும், கழிக்கும். அந்த நீரை உறிஞ்சி எடுத்து, பொறியில் சுழற்றித் தூசியை அடியில் படியவிட்டு, 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் வடித்தால் பாக்டீரியாக்கள் மேலே தங்கிவிடும். கீழே வருவது பழுப்பு மஞ்சளான நீர். முகர்ந்தால் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். லிட்மஸ் காகிதம் நீலமாகும்.

இதில் அலன்டாயின் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழைய முறை ஒன்று உண்டு. முதலில் காரத்தோடு கொதிக்கவைத்தால் அலன்டாயினின் வளையம் திறந்துகொள்ளும். பிறகு அமிலத்தோடு கொதிக்கவைத்தால் அது யூரியாவாகவும் கிளையாக்சிலிக் அமிலமாகவும் உடையும். அந்த அமிலத்தோடு பினைல்ஹைட்ரசீனைச் சேர்த்து, பனிக்கட்டியில் குளிரவைத்து, அடர்த்தியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பொட்டாசியம் ஃபெரிசயனைடையும் விட்டால் சிவப்பு நிறம் தோன்றும். சற்று நேரத்தில் மங்கியும் விடும், அதற்குள் அளந்துகொள்ளவேண்டும்.

முதல் முறை அவசரப்பட்டுக் குளிரவைக்காமல் ஊற்றினேன். அழுக்குப் பழுப்புத்தான் வந்தது. இரண்டாம் முறை வெறும் நீர் வைத்த குழாயிலும் நிறம் வந்தது. குழாயைச் சரியாகக் கழுவவில்லை. மூன்றாம் முறை வெறும் நீர் தெளிவாக மஞ்சளோடு நின்றது. கடையில் வாங்கிய தூய அலன்டாயின் போட்ட குழாய் நல்ல சிவப்பாயிற்று. புழுவின் நீர் வைத்த குழாய் மெல்ல, மிக மெல்ல, இளஞ்சிவப்பாக மாறியது. 1935-ல் முடிந்துபோன விஷயத்தைத்தான் நான் திரும்பச் செய்தேன். இருந்தாலும் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றேன்.

இனி, கதையில் சிக்கல் வருகிற இடம். ராபின்சனின் கண்டுபிடிப்பால் அலன்டாயின் மலிந்தது. அதைப் புழுவிலிருந்து எடுக்கவேண்டிய அவசியமே இல்லை, தொழிற்சாலையிலேயே செய்துவிடலாம். வாசனையில்லாத வெண்பொடி. நூறு மில்லிலிட்டர் நீரில் அரை கிராம்தான் கரையும். இன்று முகக் களிம்பு, பற்பசை, சவரக் களிம்பு என எதை எடுத்தாலும் அதில் இருக்கிறது. அமெரிக்க அரசு 0.5 முதல் 2 சதவீதம்வரை தோலைக் காக்கும் மருந்தாக அதை ஏற்றிருக்கிறது. ஆனால் அது ஒன்றே பெரும் புண்களை ஆற்றிவிடுமா? தோல் கொப்புளித்து உரியும் கொடிய பிறவி நோய் ஒன்றுக்கு 6 சதவீத அலன்டாயின் களிம்பைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வந்தது: மருந்தில்லாத வெறுங்களிம்பைவிட அது மேலாக இல்லை.

அப்படியானால் புழு எதைக்கொண்டு வேலை செய்கிறது? ஒன்றைக்கொண்டு அன்று, பலவற்றைக்கொண்டு. நம்மைப்போல் புழு மென்று தின்பதில்லை. தன் செரிமான நீரை வெளியே கக்கி, அழுகிய சதையைக் கஞ்சிபோலக் கரைத்து, அதை உறிஞ்சுகிறது. அந்த நீரில் கைமோட்ரிப்சின் போன்ற நொதிகள் இருப்பதை நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் 2003-ல் விளக்கினர். கழிவிலுள்ள அம்மோனியா புண்ணைக் காரத்தன்மையாக்குகிறது. அந்த நொதிகள் காரத்தில்தான் நன்கு வேலை செய்யும். கிருமிகள் பலவற்றுக்கோ அது பிடிப்பதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் வெறுத்த அந்த நெடிக்கும் ஒரு வேலை இருக்கிறது பாருங்கள். கிருமிகளைக் கொல்லும் பொருள்களும் உண்டு. 2004-ல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸி ஆராய்ச்சியாளர்கள் இந்நீரை மூலக்கூற்றின் அளவுப்படி சலித்துப் பிரித்தார்கள். 500 டால்டனுக்குச் சிறிய பகுதி, மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியையும் அடக்கியது. 2010-ல் ப்ராக் நகர ஆராய்ச்சியாளர்கள் நாற்பது அமினோ அமிலம் கொண்ட லூசிஃபென்சின் என்ற சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அந்தக் கைமோட்ரிப்சினை நுண்ணுயிர்களைக் கொண்டு செய்து, கூழாக்கி, நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், பிரித்தெடுப்பதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. பிரித்த பொருளை அளந்து கொடுக்கலாம், அலமாரியில் வைக்கலாம், நோயாளி முகம் சுளிக்கமாட்டார். ஆனால் உயிருள்ள புழு புண்ணின் இடுக்குகளுக்குள் தானே நுழைந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய நேரமெல்லாம் அந்த நீரைச் சுரந்துகொண்டிருக்கிறது. புட்டியிலுள்ள மருந்துக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் இல்லை. அதனால்தான் 1940-களில் பெனிசிலின் வந்து புழுவை ஓரங்கட்டியபிறகும், அது முற்றாக மறையவில்லை. கிருமிகள் மருந்துகளுக்குப் பழகிவிட்ட காலத்தில், கலிஃபோர்னியாவில் டாக்டர் ரொனால்டு ஷெர்மன் அதைத் திரும்ப எடுத்தார். 2004-ல் அமெரிக்க அரசு மருத்துவப் புழுவுக்கு அனுமதி கொடுத்தது.

அதற்காகப் புழுவையும் தெய்வமாக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 267 நோயாளிகளிடம் ஒரு பெரிய சோதனை செய்து 2009-ல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் காலில் ஆறாத இரத்தக்குழாய்ப் புண். புழு விட்டவர்களுக்குப் புண் விரைவில் சுத்தமாயிற்று. ஆனால் முழுதும் ஆறுவதற்கு ஆன காலம், சாதாரணக் கூழ் மருந்து போட்டவர்களுக்கு ஆன காலமேதான். வலி புழு விட்டவர்களுக்கே அதிகம். எங்கள் ஊர் டாக்டர் சொன்ன 'பாதி வேலை' என்ற கணக்கு எவ்வளவு சரியானது என்பதை இதைப் படித்தபோது உணர்ந்தேன்.

அவருடைய மற்றொரு வாக்கியமும் அதே அளவு சரி. எல்லா ஈயின் புழுவும் லூசிலியா அல்ல. கிரைசோமையா பெஸ்ஸியானா என்ற ஈ நம் நாட்டில் உண்டு. அதன் புழு செத்த சதையைத் தேடாது. உயிருள்ள சதைக்குள் திருகாணிபோல் இறங்கும். கால்நடைகளை அது வதைப்பதைக் கிராமத்து நண்பர்கள் பார்த்திருப்பார்கள். மூக்கிலோ காதிலோ நுழைந்தால் மனிதனுக்கு உயிராபத்து. மேலும் தெரு ஈ தன் காலில் எந்தக் கிருமியைச் சுமந்து வருகிறதோ! ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பாட்டியின் புண்ணை ஈக்குத் திறந்து வைக்காதீர்கள். புண்ணில் புழுவைக் கண்டால் வெட்கப்படாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எங்கள் வீட்டில் மறைத்துக் கழித்த இரண்டு நாளுக்குக் கணக்கு, அந்த இரண்டு விரல்களாகவே இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்னும் உண்டு. 2023-ல் வெளியான ஐ. சி. எம். ஆர். ஆய்வுப்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல். எத்தனை வீடுகளில் எத்தனை கட்டுகள் இப்படி அவிழ்க்கப்படாமல் இருக்கின்றனவோ!

பட்டுப்புழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அது நமக்கு இன்னும் அருகிலுள்ளது. ஓசூர், தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் தட்டின் அடியில் சேரும் கரிய எச்சத்தை எருக்குழியில் கொட்டுவது வழக்கம். முசுக்கொட்டை இலையை ஓயாமல் தின்கிற புழுவின் எச்சத்தில் இலையின் பச்சையம் நிறையத் தங்கியிருக்கிறது. சீனாவில் அதை அசிட்டோன் அல்லது சாராயத்தில் ஊறவைத்துப் பச்சையத்தைப் பிரிக்கிறார்கள். காரத்தோடு காய்ச்சி, செம்பு உப்பைச் சேர்த்து, சோடியத்தோடு இணைத்தால் நீரில் கரையும் கரும்பச்சைப் பொடி கிடைக்கும். சோடியம் செம்புக் குளோரோஃபிலின் என்று அதற்குப் பெயர். புண்ணின் துர்நாற்றத்தைக் குறைக்க அதைப் பப்பாளிப் பாலின் நொதியோடும் யூரியாவோடும் கலந்து களிம்பாக அமெரிக்காவில் பல ஆண்டு விற்றார்கள். பப்பாளி நொதியால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டாயிற்று. முறையான அனுமதி இல்லாத அக்களிம்புகளை 2008-ல் அரசு நிறுத்தியது. பழி பப்பாளிக்கு, பச்சையத்துக்கு அன்று. வேதியியல் படிக்கும் நண்பர் எவரேனும் ஓசூர்க்காரராக இருந்தால், ஒரு சாக்கு எச்சம் கொண்டுவந்து தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். விடுதிக் காவலரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து குதிகால் வெடிப்புக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தது. குழாயை வாங்கிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். யூரியா 10 சதவீதம், கீழே, அலன்டாயின். "அப்போ அன்னிக்கு டாக்டர் எடுத்துப் போட்டாரே, அதுகளோட சரக்கா இது?" என்றார். இல்லை, இது தொழிற்சாலையில் செய்தது. பொருள் மட்டும் ஒன்று என்று விளக்கினேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு மற்றக் குதிகாலிலும் தடவிக்கொண்டார். பிறகு உள்ளே ஒரு பார்வை பார்த்து, குரலைத் தாழ்த்தி, "பெரியம்மாகிட்ட மட்டும் சொல்லிவைக்காதேடா" என்றார்.